துவாய்க்கு அடியில்

மூன்றாவது தடவையும் மகளின் கழுத்தில் அந்தச் சிவந்த வளையத்தைக் கண்டபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. வெள்ளவத்தைத் தொடர்மாடி வீட்டில் அம்மா, கணவர், மகள், நான் என்று நால்வருக்கும் படர்தாமரை. எல்லோரும் ஒரே நேரத்தில் மருந்து பூச வேண்டும், மறைந்த பிறகும் நிறுத்தக் கூடாது, உடம்பு துடைக்க ஆளுக்கொரு துவாய் வேண்டும், உடுப்பை வெயிலில் காயவிட வேண்டும் என்று டொக்டர் சொன்ன எதையும் நான் விடவில்லை. துவாய்களைக் கொதிநீரில் அவித்தேன். சீப்புகளைக்கூடப் பிரித்து வைத்தேன். இன்னும் என்னதான் செய்வது?

அன்று மகளின் துவாயை எடுக்கப் பல்கனிக்குப் போனேன். மேற்பக்கம் மொறுமொறுவென்று காய்ந்திருந்தது. அடிப்பக்கம் ஈரம். தூக்கிப் பார்த்தால் அம்மாவின் உள்பாவாடை. நாடா இறுக்கும் இடத்தில்தான் அம்மாவுக்குப் படை.

"இதை ஏனம்மா துவாய்க்குக் கீழ போட்டனீங்கள்?"

"பின்னை? எதிர்மாடியில ஆம்பிளையள் நிக்கினம்."

"வெயில் படாட்டி இது மாறாதம்மா. பிள்ளைக்கும் ஒட்டுது."

"நான் சொறிஞ்சுகொண்டே இருந்திட்டுப் போறன். அதை ஊருக்குக் காட்டேலாது."

வந்த ஆத்திரத்தில் அதை உதறி, வெயில் விழும் கொடியில் தனியே விரித்தேன். அம்மா அறைக்கதவைச் சாத்திக்கொண்டார். பிறகு என்னுடைய உள்பாவாடையையும் கொண்டுவந்து பக்கத்தில் போட்டேன். எதிர்மாடியில் யாரோ பல்கனிக் கதவைத் திறந்தார்கள்.

என் கை தானாகவே மகளின் துவாயை இழுத்து என்னுடையதை மூடியது.