மீனுக்கு வைத்த தண்ணீர்

எனக்கு மீன் பிடிக்காது. சட்டியில் கொதிக்கிற மீனைச் சொல்லவில்லை. கண்ணாடித் தொட்டிக்குள் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டு என்னையே பார்க்கிற மீனைச் சொல்கிறேன். திண்டிவனத்தில் எங்கள் வீட்டு ஹாலில் அப்படி ஐந்து இருந்தன. ஐந்தும் கோல்டு ஃபிஷ். குவைத்துக்குப் போவதற்கு நான்கு மாதம் முன்பு என் வீட்டுக்காரர் புதுச்சேரியிலிருந்து ஆசை ஆசையாக வாங்கி வந்தவை. ஆசைப்பட்டவர் விமானம் ஏறிவிட்டார். வளர்க்கிற வேலை எனக்கு வந்து சேர்ந்தது.

தீனி போடுவதெல்லாம் ஒரு வேலையே இல்லை. தண்ணீர்தான் உயிரை எடுத்தது. எங்கள் தெருவில் குழாய்த் தண்ணீர் ஒன்றுவிட்டு ஒரு நாள், காலையில் ஒரு மணி நேரம் வரும். அதில் பிளீச்சிங் பவுடர் கலந்திருக்கும். மனிதருக்கு அது பாதுகாப்பு, மீனுக்கு விஷம். அப்படியே ஊற்றினால் செவுள் வெந்துபோகும். அதனால் தண்ணீரைப் பிடித்து ஒரு நாள் முழுக்கத் திறந்து வைக்க வேண்டும். நெடி போன பிறகுதான் தொட்டிக்குள் ஊற்றலாம். அதற்கென்று சோப்பே படாத இரண்டு சிவப்பு வாளிகளைப் புதிதாக வாங்கி வைத்துவிட்டுப் போனார். நான் குளிக்கிற வாளிக்கு விளிம்பு உடைந்து வெகுநாள் ஆகியிருந்தது. அதை அவர் பார்த்ததாகவே தெரியவில்லை.

குழாய் வந்ததும் முதல் தண்ணீர் மீனுக்கு. மிச்சம்தான் எனக்கு. சீக்கிரம் நின்றுவிட்ட நாட்களில் என் துணிகள் மூலையில் கிடக்கும், மீன்களின் இரண்டு வாளியும் தளும்பிக்கொண்டிருக்கும். இதில் கொசு ஒழிப்புக்கு வருகிற அம்மா ஒருத்தி டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு இரண்டு வாளியையும் சாக்கடையில் கவிழ்த்துவிட்டாள். நேற்றுப் பிடித்த தண்ணீர், ஒரே நாளில் எந்தக் கொசு குடும்பம் நடத்துகிறது என்று சண்டைக்குப் போனேன். எல்லா வீட்டிலும் இதையேதான் சொல்கிறார்கள் என்று சுவரில் தேதி எழுதிவிட்டுப் போனாள். மூடினால் நெடி போகாது, திறந்தால் இவள் விடமாட்டாள். கடைசியில் பழைய கொசுவலையைக் கிழித்து வாளிகளின் வாயில் கட்டினேன். நெடி வெளியே போனது, கொசு உள்ளே போகவில்லை. இது அவர் சொல்லிக் கொடுத்ததல்ல, நானே யோசித்தது. போனில் சொன்னபோது, "ம், சரி" என்றார்.

தண்ணீரைத் தயார் செய்தால் மட்டும் போதாது. தொட்டியில் கால் பங்குக்கு மேல் மாற்றக் கூடாது. ரப்பர் குழாயை வாயில் வைத்து உறிஞ்சி, அடியில் இருக்கிற கழிவை இறக்க வேண்டும். இரண்டு தடவை அது வாய்க்குள்ளேயே வந்திருக்கிறது. அந்த ருசி என் எதிரிக்கும் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், ஒருத்தருக்கு மட்டும் கொடுக்கலாம். பிறகு வாளியில் ஒரு கை, தொட்டியில் ஒரு கை வைத்து இரண்டும் ஒரே சூடா என்று பார்த்து, சொம்பு சொம்பாக ஊற்ற வேண்டும். பெற்ற பிள்ளையாக இருந்தால்கூட இவ்வளவு பதமாகக் குளிப்பாட்டியிருப்பேனா தெரியாது.

வெள்ளிக்கிழமை அவருக்கு லீவு. மதியம் வீடியோ கால் வரும். எடுத்ததும் முதல் பேச்சு, "போனைத் தொட்டி பக்கம் திருப்பு" என்பதுதான். ஐந்தையும் எண்ணுவார். வாலைப் பார்ப்பார். பெரியது ஒன்று, விசிறி போல வால் உள்ளது, அதைத் தேடிப் பிடித்துக் காட்டச் சொல்லிக் கொஞ்சுவார். நான் போனுக்குப் பின்னால் கை வலிக்க நிற்பேன்.

விழுப்புரத்தில் என் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நடந்தது. இரண்டு நாள் கூட இருக்கலாம் என்று போனேன். மறுநாள் தண்ணீர் வரும் நாள். பிடித்து வைக்க ஆள் இல்லை என்று அன்றைக்கே கிளம்பச் சொல்லிவிட்டார். கண்ணில் கட்டோடு படுத்திருந்த அம்மா, போ, அவரு கோவிச்சிக்கப் போறாரு என்றாள். விக்கிரவாண்டி டோல்கேட்டில் லாரிகளுக்கு நடுவே பஸ் நின்றபோது மறுபடியும் அவருடைய கால். ஏறிவிட்டாயா, நாளைக்கு வாளியைக் கழுவிவிட்டுப் பிடி என்றார். அம்மா எப்படி இருக்கிறாள் என்று கேட்கவில்லை. அன்றைக்கு நான் மீன்களை வெறுத்தேன் என்றுதான் இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு வருடம் கழித்து லீவில் வந்தார். ஐந்து மீனும் உயிரோடு இருந்தன. ஒன்றுகூடச் சாகவில்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச் பூசைக்குப் போவதற்கு முன்பு, முந்தாநாள் நான் பிடித்து வைத்திருந்த இரண்டு சிவப்பு வாளித் தண்ணீரையும் எடுத்து அவர் பைக்கைக் கழுவிவிட்டார். மீனுக்கு வைத்தது என்றேன். வேற புடிச்சிக்கலாம் என்றார்.

பூசை முடிந்து வந்தபோது குழாய் திறந்துவிடுகிறவர் தெருமுனையிலிருந்து வீட்டுக்கு வீடு சொல்லிக்கொண்டு வந்தார். வீட்டுக்காரர் பைக்கை உள்ளே விடப் போயிருந்தார், என்னிடம் மட்டும் சொன்னார்.

"டேங்க் கழுவி பவுடர் ஜாஸ்தி போட்டுக்கீதுக்கா. தண்ணி லேட்டாத்தான் வரும். இன்னிக்குத் தண்ணிய குடிக்காதீங்க."

பனமலையிலிருந்து அவருடைய அக்கா, எனக்கு அண்ணி, மாமாவோடு சாப்பிட வந்திருந்தார். அண்ணி தொட்டி முன்னால் நின்று, தனியா இருந்து நல்லா வளத்திருக்கியே என்று என்னைப் பார்த்துச் சொன்னார். இரண்டு வருடத்தில் என்னிடம் அப்படிச் சொன்ன முதல் ஆள் அவர்தான். நான் பதில் சொல்லும் முன் இவர் சிரித்தார்.

"இதுக்கு என்னா தெரியும்? நான் அங்கேர்ந்து சொல்லச் சொல்ல பண்ணிக்கினு இருந்துச்சி."

இது. நான்தான் அந்த இது. கையில் நாலு டம்ளர் காப்பியோடு நின்றேன்.

தொட்டி மங்கலாக இருக்கிறது, ஜல்தியாகப் பளிச்சென்று ஆக்கிவிடுகிறேன் என்று லுங்கியை மடித்துக் கட்டினார். பாதிக்கு மேல் தண்ணீரை இறைத்துவிட்டார். குழாயில் ஹோஸை மாட்டினார். குவைத்துக்குப் போகும்போது அவசரத்துக்கென்று வாங்கி வைத்துப் போன குளோரின் முறிக்கிற மருந்துப் பாட்டிலை அலமாரியிலிருந்து எடுத்து நாலு சொட்டு விட்டார். அது எத்தனை பழைய மருந்து என்று எனக்குத் தெரியும். அன்றைய தண்ணீருக்கு நாலு சொட்டு காணாது என்றும் தெரியும். ஹோஸிலிருந்து வந்த நெடி அடுப்படி வரைக்கும் அடித்தது. இந்தத் தண்ணி வேணாங்க. மூன்று வார்த்தைதான். வாயில் வந்து நின்றது. விழுங்கிவிட்டு வெங்காயம் நறுக்கினேன்.

சாப்பாடு முடிவதற்குள் ஆரம்பித்துவிட்டது. மீன்கள் கண்ணாடியில் முட்டின, மேலே வந்து காற்றுக்கு வாயைப் பிளந்தன. அவர் கை கழுவாமலே ஓடினார். அவருடைய முகத்தைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பொய் சொல்ல மாட்டேன், நிஜமான சந்தோஷம். பெரியது செவுள் சிவந்து பக்கவாட்டில் சாய்ந்து, ஒரு கண்ணால் என்னைப் பார்த்தபோது அந்தச் சந்தோஷம் போய்விட்டது. அந்த மீன் எனக்கு என்ன செய்தது? பக்கத்து வீட்டு போர்வெல் தண்ணீரைச் சிவப்பு வாளியில் கொண்டு வந்து, உயிரோடு மிச்சமிருந்த இரண்டை அதில் மாற்றினேன். அவை பிழைத்தன. அதைக் காலையிலேயே செய்திருக்கலாம்.

நீ ஒழுங்காகப் பார்க்கவில்லை, உள்ளுக்குள் ஏற்கெனவே சீக்கு இருந்திருக்கிறது என்று அண்ணிக்கும் மாமாவுக்கும் கேட்கும்படி சொன்னார். செத்த மூன்றையும் முருங்கை மரத்தடியில் நானே புதைத்தேன்.

லீவு முடிந்து அவர் போய்விட்டார். முதல் வெள்ளிக்கிழமை மதியம் கால் வந்தது. தொட்டி பக்கம் திருப்பு என்றார். நான் திருப்பவில்லை.

"அன்னிக்கு தண்ணில பவுடர் ஜாஸ்தின்னு எனக்குத் தெரியுங்க. காலைலயே சொல்லிட்டாங்க."

அவருடைய அறையில் யாரோ கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது.

"தெரிஞ்சிக்கினே ஏன் சொல்லல?"

"இதுக்கு என்னா தெரியும்னு நீங்கதான சொன்னீங்க."

போனை என் முகத்துக்கு நேராகவே பிடித்திருந்தேன். கை வலிக்கவில்லை.