வரப்பு வைத்த கிராப்பு

பெரம்பலூர் அரிசி மில்லில் மூட்டை தூக்கச் சேர்ந்த புதிதில், கூட வேலை செய்தவர்களுக்கு என் தலைதான் பொழுதுபோக்கு.

"ஏன்டா, ராத்திரி ஆடு மேஞ்சிருச்சா?" என்பார் ஒருவர்.

"ஆடு மேஞ்சா ஒழுங்கா மேயும்ப்பா. இது கோழி கிளறினது" என்பார் இன்னொருவர்.

எனக்கு முடி வெட்டுகிறவர் என் மாமா. குரும்பலூர்ப் பக்கத்துச் சிற்றூர் எங்களுடையது. ஊரில் முடி வெட்டுகிறவர் எங்கள் தெருவுக்கு வரமாட்டார். நாங்களும் அவர் வாசலுக்குப் போகக் கூடாது. மாமா ஒரு பழைய தையல் கத்தரியை வைத்துத் தெரு முழுக்க வெட்டிவிடுவார்.

டவுன் சலூனுக்குப் போகலாம்தான். ஆனால் நாற்காலியில் உட்கார்ந்ததும் "எந்த ஊரு, எந்தத் தெரு?" என்று கேட்பார்கள். தெருவைச் சொன்னால் இறக்கிவிடுவார்கள். எங்கள் தெருக்காரர் ஒருவர் முகத்தில் சோப்பு நுரையோடு இறங்கி வந்திருக்கிறார்.

காது மூட முடி வளர்த்துக்கொண்டு எல்லோரும் திரிந்த காலம் அது. நான் மட்டும், மில்லில் கேலி தாங்காமல், சலூனுக்கே போய் ஒட்ட வெட்டிய கிராப்பு கேட்பதென்று முடிவு செய்தேன். அழகுக்காக இல்லை. ஒட்ட வெட்டினால் மூன்று மாதத்துக்கு மறுபடி அங்கே போக வேண்டியதில்லை.

ஒரு வாரம் சலூனைத் தாண்டித் தாண்டி நடந்துவிட்டு, ஒருநாள் நுழைந்தேன்.

"வாங்க தம்பி, உக்காருங்க. ஸ்டெப் கட்டிங்கா?"

"கிராப்புங்க. நல்லா ஒட்ட."

"இந்த வயசுலயா? போலீசுக்குச் சேரப் போறீங்களா?"

சிரித்து வைத்தேன். துணியைக் கழுத்தில் இறுக்கிக் கட்டினார். எந்த ஊர் என்றார். அரிசி மில்லில் வேலை என்றேன். கேட்டதற்கு அது பதில் இல்லை, ஆனால் அவர் விட்டுவிட்டார். பின்கழுத்திலிருந்து மெஷின் மேலே ஏறியது. வலது பக்கம் காதுக்கு மேல் வரை வழித்தாகிவிட்டது.

அப்போது கண்ணாடியில் ஒரு முகம் தெரிந்தது. எங்கள் ஊர்ப் பண்ணைக்காரர். என் அப்பா அவர் வயலில்தான் வேலை செய்தார். உள்ளே வந்து பெஞ்சில் உட்கார்ந்து, பேப்பரைப் பிரித்தார். தலையைக் குனிந்தேன். சலூன்காரர் என் மோவாயைப் பிடித்து நிமிர்த்தினார். துணிக்குள் கைகள் இரண்டும் மாட்டிக்கொண்டிருந்தன. கண்ணாடியில் பண்ணைக்காரர் கண்ணும் என் கண்ணும் சந்தித்துவிட்டன.

"ஏலே, நீயா?"

"ஆமாங்க" என்றேன்.

"உங்களுக்குத் தெரிஞ்ச தம்பிங்களா?" என்று கேட்டார் சலூன்காரர்.

"எங்க பண்ணையாள் மவன்" என்று பேப்பரை மடித்து வைத்தார் அவர். "நான் வேற எங்கயாவது பாத்துக்கறேன்."

அவர் போன பிறகு மெஷின் சத்தம் நின்றது. இறங்கச் சொல்லப் போகிறார் என்று காத்திருந்தேன். பாதித் தலையோடு பஸ்ஸில் எப்படிப் போவது என்று யோசித்தேன். சலூன்காரர் வாசலைப் பார்த்தார், என் தலையைப் பார்த்தார். பாதி வெட்டிய தலை தெருவில் போனால் கடைக்குத்தான் கெட்ட பேர் என்று நினைத்தாரோ என்னவோ, இடது பக்கத்தையும் சரசரவென்று வழித்தார். மேல் முடியைக் கத்தரியால் குறைத்தார். மேலேயும் கீழேயும் சேர்கிற இடத்தைச் சீவிச் சரிசெய்யவில்லை. தண்ணீர் தெளிக்கவில்லை, பவுடர் போடவில்லை, பின்னால் கண்ணாடி பிடித்துக் காட்டவும் இல்லை.

"எந்திரி."

தலையைச் சுற்றி, வயலுக்கு வரப்பு போட்டதுபோல ஒரு படி நின்றது.

வீட்டுக்கு வந்ததும் மாமா சுற்றி வந்து பார்த்தார். "என்னடா இது, முடிக்காமயே அனுப்பிட்டானா?"

"இல்ல மாமா. நான்தான் இப்படிக் கேட்டேன். டவுன்ல இப்ப இதுதான்."



அடுத்த ஞாயிற்றுக்கிழமை தெருப் பையன்கள் மூன்று பேர் மாமா முன்னால் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். "அண்ணனுக்கு இருக்கற மாதிரியே வரப்பு வச்சு வெட்டுங்க."

"நீ இங்க வாடா" என்று மாமா என்னைக் கூப்பிட்டார். "முதுகக் காட்டி நில்லு. பாத்துப் பாத்துத்தான் வெட்டணும்."

மூன்று தலையும் முடிகிறவரை அசையாமல் நின்றேன்.