குடுவைக்குச் சொன்ன பொலி

ஸ்பிரிங்வெளி தேயிலைத் தோட்டத்தில் முதல் கைப்பிடிக் கொழுந்தைக் கூடையில் போடும்போது அம்மா "பொலி பொலி" என்பாள். கொழுந்து பெருக வேண்டுமாம். அது எனக்கும் தொற்றிவிட்டது. பதுளை ஆய்வுகூடத்தில் பக்டீரியாவைக் குடுவையில் விடும்போதுகூட வாய் தானாக முணுமுணுக்கும்.

பக்டீரியா புரதம் கட்டுவதற்கு அமினோ அமிலத்தைச் சுமந்து வருவது கடத்து ஆர்.என்.ஏ. அதன்மேல் ஒரு சின்ன இரசாயனக் குறியை ஒட்டுவதற்கென்றே பக்டீரியா ஒரு நொதியத்தை வைத்திருக்கிறது. என் முதல் குடுவையில் இருந்தது சாதாரண பக்டீரியா. மற்றதில் அந்த நொதியத்தை இழந்தது. அது தடுமாற வேண்டும். தடுமாறவே இல்லை, இரண்டும் ஒரே மாதிரி வளர்ந்தன. அப்படியானால் அந்த இழவுக் குறி எதற்கு?

"குடுவையை மாத்தி வைச்சிட்டீரோ?" என்றார் ஆய்வுகூடத்துக்குப் பொறுப்பான எங்கள் யாழ்ப்பாணத்து மேடம். எரிச்சலோடு திரும்பச் செய்தேன். அதே விடை.

போனில் அம்மாவிடம் புலம்பினேன். "ரெண்டுக்குமா பொலி சொன்ன?" என்று கேட்டாள்.

"அது கொழுந்து இல்லம்மா!" என்று கத்தினேன். ஆனால் சொல்லியிருந்தேன், இரண்டுக்கும்.

அடுத்த முறை வாயை இறுக்க மூடிக்கொண்டேன். குறியில்லாதது படுத்துவிட்டது. அன்று மேடம் சொன்னபடி சூட்டையும் கூட்டியிருந்தேன். சூட்டில்தான் அந்தக் குறி தேவைப்படுகிறது என்று எழுதிக் கொடுத்தேன். மேடத்துக்குத் திருப்தி. அதுதான் சரி என்று எனக்கும் தெரியும்.

பிறகு ஏன், மறுநாள் அதே சூட்டில் திரும்பச் செய்தபோது, கதவுப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, அந்த நோஞ்சான் குடுவைக்கு மட்டும் குனிந்து பொலி சொன்னேன்?