சிவப்புச் சீட்டும் அண்ணாவின் மூலை மேஜையும்

அண்ணா எங்களை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. அவரைப் பற்றித் தெளிவாக நாலு பக்கம் எழுது என்று அண்ணி கேட்டுக்கொண்டார்கள். இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களும் நண்பர்களும் பொறுத்துக்கொள்ள வேண்டும். தெளிவுதான் என்னிடம் இல்லை.

அண்ணா பிறந்தது டாக்குரியாவில், ரயில் சத்தம் கேட்கும் வாடகை வீட்டில். கல்லூரி இரண்டாம் ஆண்டில் அப்பா காலமானதும் படிப்பை விட்டுவிட்டு, துறைமுகத்தை ஒட்டிய கார்டன் ரீச்சில் கேஸ்கெட் வெட்டும் பட்டறை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தார். குழாய்கள் இணையும் இடத்தில் கசியாமல் இருக்க வைக்கும் ரப்பர் வளையம்தான் கேஸ்கெட். சில வருடங்களில் அங்கேயே ஒரு ஷெட் பிடித்து, நான்கு பேரோடு சொந்தமாகத் தொடங்கினார். அம்மாவின் வைத்தியத்தையும் என் படிப்பையும் அந்த ஷெட்தான் தாங்கியது. பி.காம் முடித்த கையோடு நானும் ஸ்டோர்ஸ் பார்க்கப் போய்விட்டேன்; பட்டறையில் எல்லாரும் என்னைத் திதி, அதாவது அக்கா, என்று கூப்பிட ஆரம்பித்தார்கள்.

ஷெட்டில் நடக்க இடமில்லாமல் சாமான் சேர்ந்துவிட்ட ஒரு வருடம், அண்ணா, வீணாவதைக் குறைக்கும் லீன் உற்பத்தி பற்றிய இரண்டு நாள் வகுப்புக்குப் போய்வந்தார். லீன் என்றால் ஒல்லி. அண்ணாவின் உடம்பைத் தெரிந்தவர்களுக்கு நான் எவ்வளவு கேலி செய்திருப்பேன் என்று சொல்ல வேண்டியதில்லை. அவர் சிரித்துக்கொண்டே ஒரு கட்டு சிவப்புச் சீட்டை என் கையில் கொடுத்தார். முப்பது நாள் யாரும் தொடாத பொருளின் மேல் சீட்டு ஒட்டலாம். ஒரு வாரத்துக்குள் யாராவது காரணம் எழுதிச் சீட்டைக் கிழிக்காவிட்டால் அது பழைய இரும்புக்காரருக்கு. பெரிய வளையத்தின் நடுவே வெட்டிப்போட்ட வட்டத்திலிருந்து சின்ன வாஷர்கள் வெட்டவும் ஆரம்பித்தார். ஆறே மாதத்தில் பாதி ஷெட் காலியானது.

அங்கே இன்னொரு பஞ்சிங் மெஷின் வரும் என்று எதிர்பார்த்தேன். அண்ணா மூலையில் ஒரு மேஜையைப் போட்டு, வெட்டு மிச்சங்களை அதில் கொட்டி, சனிக்கிழமை மதியம் யார் வேண்டுமானாலும் எதையாவது செய்து பார்க்கலாம் என்றார். ஒரு போல்ட் கூடுதலாகக் கிடந்தால் திட்டுகிறவர் இப்படிக் குப்பை சேர்க்கலாமா என்று சண்டை போட்டேன்.

"இடத்தை மிச்சம் பிடிச்சது எதுக்கும்மா? மறுபடி சாமான் அடைக்கவா?" என்றார்.

எனக்கு அப்போதும் புரியவில்லை. ஆனால் கப்பலின் இருட்டான இஞ்சின் அறையில் கேஸ்கெட்டைப் பிடித்துக்கொள்ள முடியவில்லை என்று ஒரு ஃபிட்டர் புலம்பியதைக் கேட்டு, வளையத்தின் ஓரத்தில் பிடித்துக்கொள்ள ஒரு காது வைத்து வெட்டியது அந்த மேஜையில்தான். அந்தக் காதுதான் ஆர்டர்களைக் கொண்டுவந்தது. நான்கு பேர் இருபத்திரண்டு பேரானார்கள்.

கடைசி இரண்டு வருடங்கள், கசிவதற்கு முன்பே நிறம் மாறிக் காட்டும் ஒரு கேஸ்கெட்டுக்காக அண்ணா அந்த மேஜையே கதியென்று கிடந்தார். கலவை அளவுகளை அங்கிருந்த அட்டைத் துண்டுகளில்தான் கிறுக்கி வைத்தார். அப்புறம் இதயம் படுத்தியது. நாற்பது நாள் பட்டறைக்கு வரவில்லை. எங்கள் ஊர் ஆயுத பூஜையான விஸ்வகர்மா பூஜைக்காகச் சுத்தம் செய்தபோது மேஜையில் தூசி படிந்திருந்தது. அதற்கு முந்தின வாரம்தான் ஃபோர்மன் ஷியாமல் தாவின் பழைய வைஸுக்கு, சாமானைக் கவ்விப் பிடிக்கும் இரும்புக் கருவிக்கு, நான் சீட்டு ஒட்டியிருந்தேன். அண்ணா மேஜை என்பதற்காக விட்டால் நாளைக்கு யார் மதிப்பார்கள்? ஒட்டினேன். யாராவது கிழிப்பார்கள் என்று நினைத்தேன். திதியே ஒட்டிவிட்டார், நாம் எப்படிக் கிழிப்பது என்று அவர்கள் நினைத்தார்கள். எட்டாம் நாள் பழைய இரும்புக்காரரின் வண்டி வந்து, மேஜை, அட்டைத் துண்டுகள் எல்லாவற்றையும் எடுத்துப்போனது.

பூஜையன்று அண்ணா அண்ணியோடு டாக்சியில் வந்தார். மேஜை இருந்த இடத்தில் விஸ்வகர்மா உட்கார்ந்திருந்தார். அண்ணா கும்பிட்டார், இரண்டு வாய் கிச்சுரிப் பிரசாதம் சாப்பிட்டார். நான் அழுதுகொண்டே மன்னிப்புக் கேட்டேன்.

"ஒட்டினா ஒட்டினதுதான். எனக்கு மட்டும் தனி ரூலா?" என்றார்.

அதற்குப் பிறகு அவர் புதிதாக எதையும் தொடவில்லை. நான்காம் மாதம் தூக்கத்திலேயே போய்விட்டார்.

காரியம் முடிந்த அன்று ஷியாமல் தா என்னைத் தனியே அழைத்தார். சீட்டு ஒட்டிய மூன்றாம் நாளே வீட்டுக்குப் போய் அண்ணாவிடம் சொன்னாராம். கிழிக்க வேண்டாம், திதியிடம் எதுவும் சொல்லவும் வேண்டாம் என்றாராம் அண்ணா.

ஏன்? பட்டறைக்காரர்கள் முன்னால் என் சொல் நிற்க வேண்டும் என்றா? முயற்சி தோற்றுவிட்டது என்று அவருக்கே தெரிந்திருந்ததா? இல்லை, உடம்பு அலுத்து, எதுவானாலும் போகட்டும் என்று விட்டுவிட்டாரா? தினமும் ஒரு பதிலை நம்புகிறேன், மறுநாள் அது நிற்பதில்லை. என் அண்ணாவின் கடைசி வேலையை நான் அழித்தேனா, அவர் முடித்துவைத்ததற்குச் சாட்சியாக மட்டும் இருந்தேனா, தெரியவில்லை.

இரவு பகலாகப் பார்த்துக்கொண்ட மருத்துவருக்கும், மாடிப்படியில் அண்ணாவைத் தூக்கி இறக்கிய டாக்குரியா அண்டை வீட்டாருக்கும், பதின்மூன்று நாளும் சமைத்துக் கொடுத்த, நாங்கள் பௌதி என்று கூப்பிடும் கீழ்வீட்டு அம்மாவுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. மூலையில் மறுபடி ஒரு மேஜை போட்டு, நிறம் மாறும் ரப்பரை முதலிலிருந்து தேடிக்கொண்டிருக்கும் ஷியாமல் தாவுக்கு என் தனிப்பட்ட நன்றி.

பட்டறையில் அண்ணாவின் நாற்காலி அப்படியே இருக்கிறது. ஒவ்வொரு முறையும் முப்பது நாள் ஆவதற்குள் நான் போய் அதில் ஐந்து நிமிடம் உட்கார்ந்துவிட்டு வருகிறேன். அப்போது மெஷினை விட்டுத் தலை நிமிராத இருபத்திரண்டு பேருக்கும் நன்றி.