லென் தவறவிட்ட கோல்

லென் இண்டைக்கு விடிய வெஸ்ட்மீட் ஆஸ்பத்திரியில செத்துப்போனான்.

அவன்ர மகள் போன் எடுத்துச் சொன்னவ. எழுத்துப் பிழையள் இருந்தா பொறுத்துக்கொள்ளுங்கோ... எழுதாமலும் இருக்கேலாது.

லென் ஆரெண்டு உங்களில கனபேருக்குத் தெரியாது. எழுபதுகளில இங்கிலாந்திலயிருந்து சிட்னிக்கு வந்து உதைபந்து விளையாடின ஸ்ட்ரைக்கர். அங்க ரெண்டாம் டிவிஷன்ல கோல் கோலா அடிச்சவன். ஆனா அந்தக் காலத்து இங்கிலிஷ் ஸ்ட்ரைக்கர்மார் எண்டு ஆக்கள் போடுற லிஸ்ட் ஒண்டிலயும் அவன்ர பேர் இராது. நானும் தேடித் தேடிக் களைச்சுப்போனன்.

காலமை எங்கட பழைய கிளப் குரூப்பில செய்தியைப் போட்டன். முதல் கொமென்ட்டே... ஓ, அந்த ஆளில்லாத ஓப்பின் கோலைக் கோட்டை விட்டவரோ எண்டு. கீழ சிரிக்கிற பொம்மை வேற.

எனக்கு வந்த விசருக்கு போனைத் தூக்கி எறிஞ்சிருப்பன். மனுசன்ர உடம்புச் சூடு இன்னும் ஆறேல்லை. அதுக்குத்தான் இதை எழுதுறன். வாசிச்சிட்டுச் சிரிக்கிறவை சிரியுங்கோ.

நான் அப்ப யாழ்ப்பாணத்திலயிருந்து வந்த புதுசு. பகல்ல லிட்கம் பக்கம் ஒரு பெயின்ட் ஃபக்டரியில வேலை, பின்னேரம் ட்ரெய்னிங். ரிசேர்வ் ரீமில வலப்பக்க விங்கர். கறுத்த, மெலிஞ்ச பெடியன். ஒருத்தனும் பாஸ் தரமாட்டான்.

லென்தான் கோச்சிட்டைப் போய், உவனை மெயின் ரீமில போடுங்கோ, வலப்பக்கத்தால எனக்கு இவன்தான் பந்து தரவேணும் எண்டு ஒற்றைக்காலில நிண்டவன்.

என்னில அப்பிடியென்ன பாசம் எண்டு நினைச்சன்... பிறகு மெல்ல மெல்லத்தான் விளங்கிச்சு. தேத்தண்ணி குடிக்கேக்க எப்பவும் சுவரை இடப்பக்கமா வச்சுத்தான் இருப்பான். ட்ரெய்னிங்கில இடப்பக்கத்தால வாற பந்து ஒண்டும் அவனுக்குப் பிடிபடாது.

இங்கிலாந்தில ஒரு மட்சில ஆரோ ஒருத்தன்ர முழங்கை பட்டு அவன்ர இடது கண் பார்வை போயிட்டுது. ஒருத்தருக்கும் மூச்சு விடேல்லை. சொன்னா கிளப் அண்டைக்கே கலைச்சு விட்டிருக்கும். ஒரு பக்கம்தான் திரும்புவான், சோம்பேறி எண்டு அங்கத்தைப் பேப்பருகள் எழுத, தன்னைத் தெரியாத இடமாப் பாத்து இங்க வந்தவன்.

மனுசிக்கும் கண் சுகமாயிட்டுது எண்டுதான் சொல்லி வச்சிருந்தவன். அவ கைக்குழந்தையோட இங்க வாறதுக்கு ரிக்கெற்றும் போட்டாச்சு. கண் விஷயம் வெளிய வந்தா மூண்டு பேரும் நடுறோட்டிலதான்.

அதால நான் அவனுக்குத் தமிழ் பழக்கினன். ரெண்டே ரெண்டு சொல்லு. இடப்பக்கத்தால ஆள் வந்தா "வாறான்", பந்து வந்தா "பிடி". இங்கிலிஷில கத்தினா, இவனுக்கு மட்டும் ஏன் இவ்வளவு சொல்லவேணும் எண்டு யோசிப்பாங்கள் எல்லோ.

மற்ற ரீம்காரர் முழுசுவாங்கள். லென் அந்த இடத்திலயே சுழண்டு அடிப்பான். என்ன அடி அது... அதுகள் ஒருத்தருக்கும் ஞாபகமில்லை. அந்த ஒண்டுதான் ஞாபகம்.

சீசன்ர கடைசி மட்ச். ஒரு கோல் விழுந்தா அதே டிவிஷன்ல நிப்பம், இல்லாட்டிக் கீழ இறங்குவம்.

இடப்பக்கத்தால ஆரோ தாழ ஒரு பந்து போட்டான், நல்ல வேகம். கோலி விழுந்து கிடக்கிறான். லென் கோலுக்கு நேர முன்னால நிக்கிறான். நான் கிரவுண்டின்ர மற்றப் பக்கத்திலயிருந்து தொண்டை கிழியக் கத்தினன். சனத்தின்ர சத்தத்தில எங்க கேக்கிறது. அவன் தலையைத் திருப்ப முதல் பந்து முழங்காலில பட்டு வெளிய போயிட்டுது.

சனம் சிரிச்சுது. பிறகு ஏசிச்சுது. ஆரோ நாசமறுவான் ஒருத்தன் தின்னக் கொண்டுவந்த இறைச்சி மீட் பை ஒண்டை எறிய, அது அவன்ர இடப்பக்கக் கன்னத்தில பட்டுது. அது வாறதையும் அவன் காணேல்லை.

உடுப்பு மாத்திற அறையில கிளப் தலைவர் அவனைக் கிழி கிழியெண்டு கிழிச்சார். நான் வாயைத் திறக்க வெளிக்கிட்டன். லென் என்ர கையை இறுக்கிப் பிடிச்சான். பிறகு பஸ் ஸ்டொப்பில வச்சு, அந்தப் பெரிய உடம்பு குலுங்கக் குலுங்க அழுதான்.

"நான் உயிரோட இருக்குமட்டும் ஒருத்தருக்கும் சொல்லாதை. மொக்கன் எண்டு சிரிக்கட்டும். குருடன் எண்டு பாவம் பாக்கவேண்டாம்."

கிளப் அவனை நிப்பாட்டிப்போட்டுது. பலகை அரிஞ்சு விக்கிற ஒரு மரக்காலையில வேலைக்குப் போனான். மனுசியும் பிள்ளையும் வந்து சேந்தினம். மனுசி செத்து இப்ப கனகாலம், அவவுக்கும் கடைசிவரை தெரியாது.

இண்டைக்கு மகள் போனில அழேல்லை. அதுதான் எனக்குப் பயமா இருந்தது. இங்கிலிஷில நிதானமாக் கதைச்சவ. அப்பாவுக்குத் தன்னைப் பிடிக்கிறேல்லை எண்டு சொன்னவ.

சின்னனில ஸ்கூலுக்குக் காரில கொண்டுபோகேக்க முன் சீற்றில பக்கத்தில இருப்பாவாம். முகத்தைக் கோணிக் கோணிக் காட்டுவாவாம், கீறின படத்தைத் தூக்கிப் பிடிப்பாவாம். அப்பா திரும்பியும் பாக்கமாட்டாராம். பிறகு காட்டுறதை விட்டிட்டாவாம்.

கார் ஓடுற ஆளுக்கு அந்த சீற் இடப்பக்கம் எல்லோ...

சொன்னன். அவனுக்குக் குடுத்த வாக்கு விடியவோட முடிஞ்சுது. பிள்ளை, அப்பாவுக்கு இடது கண் தெரியாது, நீ குழந்தையா இருக்கேக்கயே தெரியாது எண்டு சொன்னன். எல்லாத்தையும் சொன்னன்.

பிறகு ஒரேயொரு கேள்வி கேட்டா.

"அப்ப நான் மற்றப் பக்கம் இருந்திருந்தா, அங்கிள்?"

லென், இதுக்குப் பதிலை நீயே சொல்லடா.

போயிட்டு வா, மச்சான்...