எங்கள் வீட்டுக் குடிபூரல்

"வாற வெள்ளிக்கிழமை எங்கட வீட்டுக் குடிபூரல். நிலைக்கு மாலை கட்டித் தரோணும்" என்று நான் சொன்னதும், பூக் கட்டிக்கொண்டிருந்த ராணியக்காவின் விரல்கள் நின்றுவிட்டன. திண்டிவனத்தில் நான் வேலை பார்க்கும் துணிக்கடைக்கு எதிரே அவருடைய பூக்கூடை. தினமும் பேசிச் சிரிக்கிறவர். அன்றைக்கு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"குடியா? இன்னாமா சொல்ற? வெள்ளிக்கெழம அதுவுமா வீட்ல குடிக்கிறாங்களா? அதுக்கு மாலை வேறயா?"

"ஐயோ, அது இல்லக்கா. புது வீட்டுக்குப் போறோம்."

"அட, பால் காய்ச்சுறோம்னு தமிழ்ல சொல்லேன்!"

குடிபூரலும் தமிழ்தான் என்று விளக்க நான் போகவில்லை. குற்றம் என்னுடையது. என் வாயில் இரண்டு தமிழ் உண்டு. கடையில் நிற்கும்போது "வாங்கக்கா, இன்னா பாக்குறீங்க?" என்று கேட்பேன், வீட்டுக்குள் கால் வைத்ததும் "என்ன அம்மா, சாப்பிட்டனீங்களோ?" என்று மாறிவிடுவேன். இத்தனை வருடத்தில் ஒன்றின் இடத்தில் மற்றது வந்ததே இல்லை. நாற்காலியைக் கதிரை என்று சொல்லி, குதிரையா என்று பிறர் கேட்டுச் சிரித்ததெல்லாம் சின்ன வயதோடு போயிற்று. அன்று மட்டும் வாய் தவறியது. சந்தோஷம் வந்தால் நாக்குக்குக் காவல் இருப்பதில்லை போலும்.

கனடாவிலும் லண்டனிலும் வீடு வாங்கி, படம் எடுத்து அனுப்பும் உறவுகளே, ஊரிலேயே இருந்து இதை வாசிக்கிறவர்களே, நாங்கள் எங்கே போய்ச் சேர்ந்தோம் என்று உங்களில் பலருக்குத் தெரியாது. கிளிநொச்சிக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து அப்பா, அம்மா, நான் என மூன்று பேரும் படகேறி வந்தோம். எனக்கு அப்போது ஒன்பது வயது. மண்டபத்தில் இறக்கி, பேர் பதிந்து, பஸ்ஸில் ஏற்றி, திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் இடையில் ஒரு முகாமில் விட்டார்கள். சுற்றிலும் கரும்பும், இங்கே மல்லாட்டை என்று சொல்லும் நிலக்கடலையும் விளையும் பூமி. எங்களுக்குக் கிடைத்தது வரிசைக் கட்டடத்தில் ஓர் அறை, மேலே ஓடு போட்ட மாதிரித் தெரியும் கல்நார் கூரை. பக்கத்து அறையில் யாராவது இருமினால் இங்கே நித்திரை குழம்பும். அப்பா அந்தச் சுவரில் ஓர் ஆணிகூட அடிக்க விட்டதில்லை. "நாளைக்குப் போற இடத்தில ஆணி எதுக்கு?" என்பார். அடுத்த தைக்கு ஊரில் நிற்போம் என்பார். ஒவ்வொரு தையும் அப்படித்தான் போனது. கடைசியில் அவரை இங்கே ஏரிக்கரையில் எரித்தோம். அவருடைய படத்தை மாட்டவும் ஆணி இல்லை. அரிசி டின்னில் சாய்த்து வைத்து, அதற்கு முன்னால்தான் அம்மா விளக்கு ஏற்றி வந்தார்.

என் கணவர் மோகன் பெயிண்டர். முகாமில் பாதி ஆண்கள் பெயிண்டர்கள்தான். விழுப்புரம், வளவனூர், பாண்டிச்சேரி எங்கே புதுவீடு எழும்பினாலும் இவர்கள் சுவரின் குழிகளுக்குப் பட்டி பார்த்து, தேய்த்து, வர்ணம் அடிப்பார்கள். வேலை முடிந்த வீட்டுக்காரர் பால் காய்ச்சும் நாளில் ஒரு வேட்டியும் துண்டும் தருவார். இவர் ஓர் ஓரமாக உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வருவார். வளவனூரில் ஒரு வீட்டம்மா, "பேச்சு ஒரு மாதிரியா இருக்குதே, கேரளாவாப்பா நீ?" என்று கேட்டாராம். "இல்லைங்க, சிலோன்" என்றதும், "ஓ, வெளிநாடா!" என்று வியந்து, இன்னொரு வடை வைத்தாராம். இத்தனை வீட்டுக்கு நிறம் பூசியவருக்கு, தனக்கென்று பூச ஒரு சுவர் இருந்ததில்லை.

அந்தச் சுவர் இந்த வருடம் வந்தது. முகாமை ஒட்டிய நிலத்திலேயே அரசு எங்களுக்குப் புது வீடுகள் கட்டித் தந்தது. ஒரு கூடம், ஒரு படுக்கையறை, சமைக்க ஒரு குசினி, உள்ளேயே கழிப்பறை. சாவியைக் கையில் வாங்கிய அன்று மோகன் அதைச் சட்டைப் பையில் போடவே இல்லை. முகாம் முழுவதும் கையிலேயே பிடித்துக்கொண்டு நடந்தார். அறைக்கு வந்து அதை அம்மாவின் மடியில் வைத்தார். "மாமி, நல்ல நாள் பாருங்கோ."

அம்மா சாவியை எடுத்து அரிசி டின்னின் மேல் வைத்தார். "நல்லது. நீங்களும் மகளுமா மூண்டு பேரும் போங்கோ. நான் இஞ்சயே இருக்கிறன்."

"என்னம்மா கதை இது? இந்த அறையளை இடிக்கப் போறாங்கள்" என்றேன்.

"இடிக்கட்டும். இது கொட்டில், எந்த நேரமும் விட்டுட்டுப் போகலாம். அது வீடு பிள்ளை. அதுக்குள்ள போனா நான் இஞ்சத்தை ஆள் ஆயிடுவன். எனக்கு ஊரில வீடு இருக்குது."

விளையாட்டாகச் சொல்கிறார் என்று முதலில் நினைத்தோம். இல்லை. புது வீட்டைப் பார்க்கக்கூட வரவில்லை. வாசலிலிருந்து பார்த்தாலே தெரியும் தூரம்தான். ஆனாலும் அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பாமலே தண்ணீருக்குப் போய் வந்தார். கல்லூரியில் படிக்கும் என் மகள் கயல், பிறந்ததிலிருந்து இந்த மண்ணில் வளர்ந்தவள், கெஞ்சிப் பார்த்தாள். "அம்மம்மா, உள்ளயே பாத்ரூம் இருக்குது. மழையில நனைஞ்சிக்கினு போகத் தேவையில்ல." அதற்கும் அம்மாவிடம் பதில் இருந்தது. "சமைக்கிற இடத்துக்குப் பக்கத்தில கக்கூஸ் கட்டினவனை என்னெண்டு சொல்லுறது?"

நாங்கள் எங்கள் பாட்டுக்கு ஆயத்தம் செய்தோம். மோகன் குசினிக்கு மாம்பழ மஞ்சள் அடித்தார். ஞாயிற்றுக்கிழமை முகாமின் பெயிண்டர்கள் எல்லாம் தாங்களாகவே தூரிகையோடு வந்து நின்றார்கள். நாள் முழுவதும் சிரிப்பும் பாட்டும். பிறகு எல்லோருமாக அடுத்த வீட்டுக்குப் போனார்கள், அதற்கடுத்த வாரம் அதற்கடுத்த வீட்டுக்கு. நான் விழுப்புரத்துக்குப் போய் ஒரு குத்துவிளக்கும் பால் காய்ச்சப் புதுப் பாத்திரமும் வாங்கி வந்தேன். எங்கள் சாமான்களைக் கட்டிப் பார்த்தபோது ஒரு குட்டி யானைச் சரக்கு வண்டியின் பாதிகூட நிரம்பவில்லை. அதைப் பார்த்து எனக்கு அழுகை வரவில்லை. மீதிப் பாதிக்கு இனி வாங்குவோம் என்றுதான் தோன்றியது. ஆனால் அம்மா இல்லாமல் அந்த வீட்டில் எப்படிப் பால் பொங்கும்?

அந்த நேரத்தில்தான் அம்மா ஒரு முடிவோடு ஊருக்குப் போன் போடச் சொன்னார். அங்கே இருப்பது அவருடைய தங்கை, என் சின்னம்மா. எங்கள் பழைய வீட்டு வளவிலேயே இருக்கிறார். அம்மா எப்போது "வீடு எப்பிடி?" என்று கேட்டாலும் "இருக்குது அக்கா" என்று பதில் சொல்வார். கயல் வீடியோவில் பிடித்துக் கொடுத்தாள்.

"வசந்தி, நான் உன்னட்டை வரப்போறன். என்ர வீட்டைக் கூட்டித் துப்புரவாக்கி வை" என்றார் அம்மா.

சின்னம்மா தலையைக் குனிந்தார், திரையில் அவருடைய நெற்றி மட்டும் தெரிந்தது.

"கூட்டுறதுக்கு அந்த வீடு இல்லை அக்கா."

"என்னடி சொல்லுறாய்?"

"கடைசிச் சண்டை முடிஞ்சு நாங்கள் திரும்பி வரேக்க அத்திவாரம் மட்டும்தான் கிடந்தது. நானும் பிள்ளையளும் கன காலம் தகரக் கொட்டிலுக்குள்ளதான் இருந்தனாங்கள், உங்களைப் போலத்தான். இப்ப இருக்கிறது வீட்டுத்திட்டத்தில தந்த வீடு. இதுவும் சின்னன்தான்."

"ஏன் எனக்கு இவ்வளவு நாளும் சொல்லேல்ல?"

"நீங்கள் ஒருத்தராவது அந்த வீட்டில இருக்கிறீங்கள் எண்டு நினைச்சன் அக்கா. மனசிலயாவது."

எனக்கும் இது அன்றுதான் தெரியும். நான் அம்மாவின் முதுகில் கை வைத்தேன். அம்மா அழுவார் என்று காத்திருந்தோம். அவர் திரைக்கு இன்னும் கிட்டப் போய் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"கிணறு?"

"கிணறு இருக்குது. நல்ல தண்ணி. அதிலதான் இப்பவும் அள்ளிக் குடிக்கிறம்."

"அப்ப சரி" என்றார் அம்மா. போனைக் கயலிடம் கொடுத்துவிட்டுப் பாயில் படுத்துக்கொண்டார். அன்று அவர் சாப்பிடவில்லை. நாங்களும் கூப்பிடவில்லை.

மறுநாள் காலை மோகன் வேலைக்குக் கிளம்பும்போது அம்மா அப்பாவின் படத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். தலையைத் தூக்காமலே கேட்டார். "தம்பி, புது வீட்டுச் சுவரில ஆணி அடிக்கலாமோ? வெடிக்காதோ?"

மோகன் வாசலிலேயே நின்றுவிட்டார். "எத்தினை ஆணி வேணும் மாமி?" என்று கேட்டுவிட்டு, அன்றைக்கு வேலைக்கே போகவில்லை.

கூடத்தில் அடித்த முதல் ஆணி அப்பாவுக்கு. மோகன் சுத்தியலை ஓங்கும் ஒவ்வொரு தடவையும் அம்மா, "இன்னும், நல்லா உள்ளுக்கு இறக்குங்கோ" என்றார். படத்தை மாட்டிவிட்டு ஓரடி பின்னால் வந்து நின்று பார்த்தார். பிறகு என்னிடம், "ஊரில கிணறு இருக்குது. இஞ்ச வீடு இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுக் குசினிக்குள் போனார். அதன் பிறகு அவரை யாராலும் பிடிக்க முடியவில்லை. அடுப்பு கிழக்குப் பார்க்க வேண்டும் என்றார். மஞ்சள் நல்ல வடிவு என்றார். கழிப்பறைக் கதவு எந்நேரமும் சாத்தியே இருக்க வேண்டும் என்று சட்டம் போட்டார்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் முகாமே ஊர்வலமாகத் திரண்டது. ஒரே நாளில் பல வீடுகளுக்குக் குடிபூரல். யார் யாருக்கு விருந்தாளி என்றே தெரியாத கூத்து. வாசலில் வாழை கட்டி, நிறைகுடம் வைத்தோம். ராணியக்கா மாலையோடு ஒரு பை நிறைய வறுத்த மல்லாட்டையும் கொண்டு வந்தார். வந்தவர் சும்மா நிற்கவில்லை. "இன்னாமா வாசல்ல கோலத்தயே காணோம்?" என்று கேட்டு, புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு தானே குனிந்து பெரிய கோலமாகப் போட்டார். புருஷன் இல்லாதவர் விளக்கோடு முதலில் போகக்கூடாது என்று பின்னால் யாரோ முணுமுணுத்தது என் காதில் விழுந்தது. அம்மாவின் காதிலும் விழுந்திருக்கும். அவர் குத்துவிளக்கைத் தூக்கிக்கொண்டு, வலது காலை எடுத்து வைத்து உள்ளே போனார். நாங்கள் பின்னால் போனோம். மோகன் கதவைத் தொட்டு, நிலையைத் தொட்டு, சுவரைத் தொட்டு வந்தார். ஊரார் வீடுகளில் ஓரமாக உட்கார்ந்து சாப்பிட்டவர் அன்று பந்தியில் எல்லோருக்கும் தன் கையால் வடை வைத்தார்.

அதற்கு முன் பால். புதுப் பாத்திரத்தில் அம்மா பாலை ஊற்றி அடுப்பைப் பற்றவைத்தார். கிழக்குப் பக்கம் பொங்கினால் வீட்டுக்கு நல்லது என்று எல்லோரையும் சூழ நிற்க வைத்தார். அப்போது கயலின் போன் அடித்தது. சின்னம்மா. அங்கும் இங்கும் ஒரே நேரம்தானே. நாங்கள் பால் வைக்கும் நேரம் பார்த்து அவரும் தன் வீட்டு அடுப்பில் ஒரு பாத்திரம் பால் வைத்திருந்தார். "அக்கா, உங்களுக்காகத்தான் நானும் வைச்சனான். இஞ்ச பாருங்கோ, எழும்புது!"

எல்லோரும் கயலைச் சுற்றிக்கொண்டோம். சின்னத் திரைக்குள் ஒரு வெள்ளை வட்டம் மெதுவாக மேலே வந்தது. அம்மா மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். ராணியக்காவும் தலையை நீட்டினார். "அங்க யாரும்மா, உங்க தங்கச்சியா? ஜல்தியா பொங்கிடும் போல கீது!" அங்கே பால் விளிம்பைத் தாண்டியதும் நாங்கள் இங்கே கைதட்டினோம். மோகன் விசில் அடித்தார். சின்னம்மா போனைத் தன் முகத்துக்குத் திருப்பினார். சிரித்துக்கொண்டிருந்தவர் திடீரென்று கத்தினார்.

"அக்கா! என்ர பாலைப் பாத்தது காணும், உங்கட பால் பொங்கி ஊத்துது. திரும்பிப் பாருங்கோ!"

திரும்பினோம். பால் பொங்கி, பாத்திரத்தின் எல்லாப் பக்கமும் வழிந்து, புது மேடையில் ஓடிக்கொண்டிருந்தது. கயல் "ஐயோ அம்மம்மா!" என்று அடுப்பை அணைத்தாள். எந்தப் பக்கம் முதலில் வழிந்தது என்று ராணியக்கா கேட்டார். அத்தனை பேர் நின்றும் ஒருவரும் பார்க்கவில்லை.

அம்மா கயலிடமிருந்து போனை வாங்கி முகத்துக்கு நேரே பிடித்தார்.

"வசந்தி, எந்தப் பக்கம் பொங்கினது? நீதானே பாத்தனி."

"என்ர பக்கம்தான் அக்கா" என்றார் சின்னம்மா.