பெயர் தேய்ந்த கல்லறை

ஊர்ப் பழக்கத்தில் செருப்பை வாசலில் விட்டு உள்ளே கால் வைத்தால், கல்லின் குளிர் முழங்கால் வரை ஏறும்...

இத்தாலியில் பலெர்மோ நகரத்துக்கு வந்த புதிது. சீசா என்ற பகுதியில் ஒற்றை அறையில் இவரும் நானும் இருந்தோம். ஞாயிறு பின்னேரம் பழைய நகரத்துக்குள் இருக்கும் அந்தக் கோதிக் பாணிக் கத்தோலிக்கக் கோயிலுக்குப் போவோம். உயரத்தில் கூராகச் சேரும் வளைவுகள். வாசலுக்கு மேலே சக்கரம் போலக் கல்லில் செதுக்கிய வட்டச் சன்னல்.

தரையிலோ வரிசையாகக் கல்லறைகள்! அந்தக் காலத்துப் பெரிய மனிதர்களைக் கோயிலுக்குள்ளேயே புதைத்திருக்கிறார்கள். நான் ஒன்றையும் மிதிக்காமல் இடைவெளி பார்த்துத்தான் நடப்பேன்.

“என்னப்பா, கெந்தி விளையாடவோ கோயிலுக்கு வந்தனீர்?” என்பார் இவர்.

“செத்த ஆக்களுக்கு மேலை நடக்கிறதே? நீங்கள் நடவுங்கோ!”

அந்த வருடம் மன்னாரில் அம்மா போய்விட்டா. எனக்குப் பெர்மெசோ, அதுதான் இங்கே தங்குவதற்கான அனுமதி, இன்னும் கிடைக்கவில்லை. அது இல்லாமல் ஊருக்குப் போனால் திரும்பி வர முடியாது. அடக்கத்துக்கு நான் இல்லை... ஒரு பிடி மண்கூடப் போடவில்லை.

அடுத்த ஞாயிறு தூணைப் பிடித்தபடி நின்றேன். அழுகை வரவில்லை. தரை துடைத்துக்கொண்டிருந்த சிஞ்ஞோரா, ஒரு இத்தாலியப் பெண், இவரிடம் விசயத்தைக் கேட்டுவிட்டு, என் காலைக் காட்டி ஏதோ சொன்னா. இவர் அதைத் தமிழில் சொன்னார்.

“மிதிபட வேணுமெண்டு கேட்டுத்தான் இவை இதிலை படுத்தவையாம். ஆக்கள் நடந்து நடந்து பேரும் பெருமையும் அழியட்டும் எண்டு.” பிறகு இவர் குரலைத் தணித்தார். “அந்தப் பேர் தேய்ஞ்ச கல்லுக்கு ஒருத்தரும் வாறேல்லையாம். உம்மை அதிலை இருந்து அழட்டாம்.”

முதல் தடவையாக ஒரு கல்லறைமேல் கால் வைத்தேன். முழந்தாளிட்டு, உள்ளங்கையை ஊன்றி... அம்மா என்று கத்தியே அழுதேன்.

பிறகு ஒவ்வொரு ஞாயிறும் அந்தக் கல்லடியில்தான் இருப்பேன்.

மூன்று வருடம் கழித்துப் பெர்மெசோவோடு ஊருக்குப் போனேன். அம்மாவின் கல்லறைக்கு வெள்ளை அடித்து, பூ வைத்திருந்தார்கள். நின்றேன். கண் காய்ந்தே கிடந்தது.

“ஒரு சொட்டுக் கண்ணீர் வரேல்லையேடி உனக்கு?” அக்கா எல்லாருக்கும் கேட்கத்தான் சொன்னா. “இத்தாலி நல்லாத்தான் மாத்திப்போட்டுது.”

யாரோ ஒருவருடைய கல்லறையில் எல்லாம் அழுது முடித்துவிட்டேன் என்று எப்படிச் சொல்வது?

இப்போது அந்தப் பலெர்மோக் கோயிலைத் திருத்தி, கற்கள் மேலும் தேயாமல் இருக்கக் கயிறு கட்டியிருக்கிறார்கள். வருகிறவர்கள் சன்னலைப் படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். நான் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று ஒரு செபமாலை சொல்லிவிட்டு வருகிறேன்.

அக்கா கிழமைக்கு ஒருக்கால் வாட்ஸ்அப்பில் கதைப்பா. எல்லாம் கதைப்போம்... இதைத் தவிர.